சிங்கப்பூரில் முதல் வேலை, முதல் வாடகை அறை

வேலை கிடைத்து முதன்முறையாகச் சிங்கப்பூர் புறப்படுகிறவருக்கு ஊரில் அறிவுரைக்குப் பஞ்சமே இருக்காது. சூயிங் கம் எடுத்துப் போகாதே என்பார்கள். ரயிலில் எதையும் தின்னாதே என்பார்கள். இரண்டும் சரிதான். மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள்: "நம் ஊர்க்காரர் ஒருவர் அங்கே இருக்கிறார், அவர் அறையில் போய் ஒண்டிக்கொள், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்." இதைத்தான் யோசித்துச் செய்ய வேண்டும்.

அந்த ஊர்க்காரர் தங்கமானவராகவே இருக்கட்டும். வாடகைக்கு எடுத்த அறையை இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விட அவருக்கு உரிமை கிடையாது. அரசு அடுக்குமாடி வீடுகளை நிர்வகிக்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (எச்டிபி) பதிவில் உங்கள் பெயர் இருக்காது. நாளை சோதனை வந்தால் பெட்டியோடு கீழ்த்தளத்தில் நிற்கப் போவது நீங்கள்தான். சிங்கப்பூர்ச் சட்டம் வெளிநாட்டு ஊழியருக்குத் தரும் பாதுகாப்பு குறைவானது அல்ல. ஆனால் அது எழுத்தில் உங்கள் பெயர் இருக்கும் இடத்தில்தான் முழுதாக வேலை செய்யும். இனி வரும் ஒவ்வொரு படியிலும் நான் அதையேதான் நச்சரிக்கப் போகிறேன்.

நடுத்தரத் திறன் ஊழியருக்கான எஸ் பாஸ் அல்லது உயர்நிலைப் பணியாளருக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் வந்து, தாங்களே அறை தேடிக்கொள்ள வேண்டியவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற துறைகளில் ஒர்க் பெர்மிட்டில் வருபவர்களுக்குத் தங்குமிடம் முதலாளியின் பொறுப்பு. அவர்களில் மலேசியர் அல்லாதவர்கள் கழக வீட்டில் அறை எடுக்கவும் முடியாது. வேலை பற்றிய பகுதி அவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

விமானம் ஏறும் முன்

மனிதவள அமைச்சு உங்கள் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டதும் ஒரு கடிதம் வரும். எல்லோரும் அதை ஐபிஏ என்றுதான் சொல்வார்கள். அது வெறும் நுழைவுச் சீட்டு அல்ல. உங்கள் பணி, அடிப்படைச் சம்பளம், படிகள் எல்லாம் அமைச்சிடம் எப்படிச் சொல்லப்பட்டிருக்கின்றன என்பதற்கான சான்று. நிறுவனம் தந்த பணி நியமனக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்து, எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

"அமைச்சுக்குக் காட்டுவது ஒன்று, கையில் தருவது ஒன்று, மாதாமாதம் கொஞ்சம் ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்துவிடு" என்று யாராவது சொன்னால் அது ஏற்பாடு அல்ல, குற்றம். 2025 செப்டம்பர் முதல் புதிய எஸ் பாஸ் விண்ணப்பங்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 3,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). நிதித் துறையிலும் வயது கூடியவர்களுக்கும் இன்னும் அதிகம். அந்த அளவை எட்டுவதுபோல் காகிதத்தில் காட்டிவிட்டுக் கையில் குறைத்துக் கொடுப்பதுதான் வழக்கமான தந்திரம். வேலைக்கு எடுத்ததற்காக முதலாளி ஊழியரிடம் பணம் வாங்குவதும் சட்டத்துக்குப் புறம்பானதே.

முகவர் மூலம் போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். சிங்கப்பூரில் உரிமம் பெற்ற வேலைவாய்ப்பு முகவர், ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், எத்தனை ஆண்டானாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் உங்களிடம் வாங்கக் கூடாது. உரிமம் உண்டா என்பதை அமைச்சின் இணையத் தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். இந்த வரம்பு ஊரிலுள்ள தரகருக்குப் பொருந்தாது. அதனால்தான் பெருந்தொகை பெரும்பாலும் ஊரிலேயே கைமாறுகிறது. அதற்கு ரசீது கேட்டுப் பாருங்கள். தர மறுப்பவரிடம் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

வருகை அட்டையைச் சிங்கப்பூர்க் குடிநுழைவு ஆணையத்தின் தளத்திலோ செயலியிலோ, வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணமே இல்லை. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் போலி.

முதல் வாரம்

முதல் இரண்டு வாரங்களுக்கு நிறுவனம் தங்குமிடம் தந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உரிமம் பெற்ற விடுதியில் ஒரு படுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்தே படத்தைப் பார்த்து அறைக்கு முன்பணம் அனுப்புவது வேண்டவே வேண்டாம். இரண்டு வார விடுதிச் செலவு கண்ணை உறுத்தும்தான். அவசரத்தில் எடுத்த அறையில் ஓராண்டு மாட்டிக்கொள்வது அதைவிடச் செலவு பிடிக்கும்.

வரிசை இப்படி அமைந்தால் நல்லது: கடப்பிதழைக் (பாஸ்போர்ட்டை) காட்டி சிம் அட்டை, பிறகு மருத்துவப் பரிசோதனை தேவைப்பட்டால் அது, அடுத்து மனிதவள அமைச்சின் சேவை நிலையத்தில் கைரேகையும் புகைப்படமும், பிறகு வேலை அனுமதி அட்டை. அட்டையில் உள்ள எண்தான் இனி உங்கள் அடையாளம். அதை வைத்துச் சிங்பாஸ் கணக்கைத் திறங்கள். வரி, வேலை அனுமதி, வீட்டுப் பதிவு எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சாவிதான். வங்கிக் கணக்கைத் திறந்து கைப்பேசி எண் வழியாகப் பணம் அனுப்பவும் பெறவும் உதவும் பேநவ் சேவையில் உங்கள் எண்ணை இணைத்துவிட்டால் வாடகை, மின்கட்டணப் பங்கு, மதியச் சாப்பாட்டுப் பணம் எல்லாம் அதிலேயே நடக்கும். பஸ்ஸுக்கும் எம்ஆர்டி ரயிலுக்கும் வங்கி அட்டையையே தட்டிவிட்டு ஏறலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். கடப்பிதழை "பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று முதலாளியோ முகவரோ வாங்கி வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தரவில்லை. கேட்டால் நகல் கொடுங்கள். அடுத்தது, வங்கிக் கணக்கையோ சிங்பாஸையோ கொஞ்ச நாள் இரவல் கொடுத்தால் காசு தருகிறேன் என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள். புதிதாக வந்தவர்களைத்தான் இவர்கள் குறிவைப்பார்கள். மோசடிப் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போனால், போலீஸ் முதலில் தட்டுவது உங்கள் கதவைத்தான். மோசடியோ என்று சந்தேகம் வந்தால் 1799 என்ற எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம்.

அறை தேடுதல்

முதலில் கணக்குப் புரிய வேண்டும். விளம்பரத்தில் "3 அறை வீடு" என்று இருந்தால் மூன்று படுக்கையறை என்று பொருள் அல்ல. கூடத்தையும் சேர்த்துத்தான் அந்த எண். படுக்கையறை இரண்டுதான். 4 அறை வீட்டில் மூன்று. இது தெரியாமல் "மூன்று அறையில் ஆறு பேர்தானே" என்று மனக்கணக்குப் போட்டு வந்தவர்கள் காலையில் குளியலறை வாசலில் துண்டோடு நிற்பார்கள்.

கழகத்தின் விதிகளில் வாடகையாளர் மறக்கக் கூடாதவை சில உண்டு. ஒரு வாடகைக் காலம் ஆறு மாதத்துக்குக் குறையக் கூடாது. 3 அறை வீட்டில் அதிகபட்சம் 6 பேர். 4 அறை வீட்டிலும் அதைவிடப் பெரியவற்றிலும், 2024 ஜனவரி 22 முதல் தற்காலிகத் தளர்வாக, 8 பேர் வரை. வீட்டுக்காரர் குடும்பம் அங்கேயே இருந்தால் அவர்களும் இந்த எண்ணிக்கையில் அடக்கம். படுக்கையறையாகக் கட்டப்பட்ட அறையை மட்டுமே படுக்கையறையாக விடலாம். கூடத்தில் பலகை அடித்துப் பிரித்த இடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது விதிமீறல்தான்.

இந்த விதிகளை மனத்தில் வைத்து விளம்பரங்களைப் படித்தால் பாதி வேலை முடிந்துவிடும். கழக வீட்டில் "இரண்டு மாதம் மட்டும் தங்கலாம்" என்றால் உங்கள் பெயரைப் பதியப் போவதில்லை என்று பொருள். "வீட்டுக்காரர் இல்லை, முழுச் சுதந்திரம்" என்றால் ஒரு கேள்வி கேளுங்கள்: முழு வீட்டையும் வாடகைக்கு விட வீட்டுக்காரர் அனுமதி வாங்கியிருக்கிறாரா, குடியிருப்போர் எல்லோர் பெயரும் அதில் உண்டா? வீட்டுக்காரர் அங்கே குடியிருந்தால்தான் அறையை மட்டும் தனியாக வாடகைக்கு விட முடியும். தன் அறை ஒன்றைப் பூட்டி வைத்துவிட்டு வேறெங்கோ வசிப்பது அதில் சேராது. "தலைமை வாடகையாளர்" என்று ஒருவர் முழு வீட்டையும் எடுத்துத் தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் வீடுகளை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அவர் வீட்டுக்காரருக்குப் பணம் கட்டாமல் போனால் நீங்கள் கட்டிய வாடகைக்கு அங்கே மதிப்பே இல்லை.

"இந்தியர் வேண்டாம்" என்று நேராகவோ சுற்றி வளைத்தோ சொல்லும் விளம்பரங்களும் கண்ணில் படும். கசப்பாகத்தான் இருக்கும். வாதாடி வென்ற வீட்டில் ஓராண்டு நிம்மதியாக இருக்க முடியாது, அடுத்ததைப் பாருங்கள்.

அறையைப் பார்க்க மாலை ஏழு, எட்டு மணிக்குப் போங்கள். எல்லோரும் வேலை முடித்து வந்திருக்கும் நேரத்தில்தான் வீட்டின் உண்மை முகம் தெரியும். குளியலறை எத்தனை, வரிசை எப்படி, அடுப்பில் யார் நிற்கிறார்கள், கைப்பேசியில் சிக்னல் வருகிறதா, ஏசியிலிருந்து சுவரில் தண்ணீர் வழிந்த கறை உண்டா என்று பாருங்கள். சன்னலைத் திறந்து பாருங்கள். சில வீடுகளில் படுக்கையறைச் சன்னல் பொது நடைபாதையைப் பார்த்து இருக்கும். போகிறவர் வருகிறவர் எல்லோரும் உங்கள் கட்டிலைத் தாண்டித்தான் போவார்கள். சன்னலும் திரையும் எப்போதும் மூடியே கிடக்கும். அந்த அறைக்கு அதற்கேற்ற வாடகைதான் கொடுக்கலாம்.

பிறகு சமையல். "லைட் குக்கிங்" என்ற சொல்லை நம்பி ஒப்பந்தம் போட்டுவிடாதீர்கள். பல வீட்டுக்காரர்களின் அகராதியில் அது நூடுல்ஸ் கொதிக்க வைப்பதும் முட்டை அவிப்பதும்தான். கடுகு வெடித்து, மிளகாய் கருகி, வீடு முழுக்கத் தும்மல் கிளம்பும் நம் தாளிப்பு அதில் வராது. வெட்கப்படாமல் உடைத்துக் கேட்டுவிட வேண்டும். "ஆன்ட்டி, வாரத்தில் மூன்று நாள் குழம்பு வைப்பேன், மீனும் வறுப்பேன், பரவாயில்லையா?" என்று கேட்டால், "பரவாயில்லை தம்பி, சன்னலைத் திறந்துவைத்துச் செய், அடுப்பைத் துடைத்துவிடு" என்றோ, "ஐயோ, அது மட்டும் வேண்டாம்" என்றோ பதில் வந்துவிடும். இரண்டுமே நல்ல பதில்கள்தான். வயதில் மூத்த வீட்டுக்காரர்களை, சீனரோ மலாய்க்காரரோ தமிழரோ, ஆன்ட்டி, அங்கிள் என்று அழைப்பதே இங்கே வழக்கம். பெயர் சொல்லிக் கூப்பிடுவது காதுக்கு உறுத்தும். ஏசியை எந்த நேரத்தில் போடலாம், துணி துவைக்க எந்தெந்த நாள், விருந்தினர் வரலாமா என்பவற்றையும் இதே மூச்சில் கேட்டுவிடுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, சிராங்கூன் சாலையை ஒட்டிய தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கத்தில்தான் இருப்பேன் என்று அடம்பிடிக்க வேண்டியதில்லை. அலுவலகம் எந்த ரயில் தடத்தில் இருக்கிறதோ அதே தடத்தில் தேடுங்கள். துவாஸில் வேலை என்றால் ஜூரோங், பூன் லே பக்கம் இருப்பது புத்திசாலித்தனம். சிராங்கூன் சாலைக்கு ஞாயிற்றுக்கிழமை போய்க்கொள்ளலாம்.

பணம் கைமாறும் நேரம்

வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு காசும் தர வேண்டாம். முகவர் என்று வருபவரின் பெயரையும் பதிவு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் சொத்து முகவர்களுக்கான பொதுப் பதிவேட்டில் தேடுங்கள். மூன்றும் பொருந்த வேண்டும். உண்மையான முகவரின் பெயரையும் எண்ணையும் திருடிக்கொண்டு, வேறு கைப்பேசியிலிருந்து பேசுவதே மோசடிக்காரர்களின் வழி. கழக வீட்டு வாடகை விவகாரத்தில் வாடகைப் பணத்தையோ முன்பணத்தையோ முகவர் தன் கையில் வாங்கவே கூடாது. பணம் நேராக வீட்டுக்காரருக்குப் போக வேண்டும். பேநவ் மூலம் அனுப்பும்போது பெறுபவரின் பெயர் திரையில் வரும். அது ஒப்பந்தத்தில் உள்ள பெயர்தானா என்று பார்த்துவிட்டு விரலை அழுத்துங்கள்.

ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது வழக்கம். ஒப்பந்தத்தில் வாடகை, காலம், முன்பணம் எப்போது திரும்பும், மின்சாரமும் தண்ணீரும் வாடகைக்குள் அடக்கமா, பழுது பார்க்கும் செலவு யாருக்கு என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். வேலை போனாலோ அனுமதி ரத்தானாலோ முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வெளியேறலாம் என்ற பிரிவையும் கேட்டு வாங்குங்கள். "டிப்ளமேட்டிக் கிளாஸ்" (diplomatic clause) என்று சொன்னால் எல்லா முகவருக்கும் புரியும். எஸ் பாஸ் ரத்தானால் பொதுவாக 30 நாள்தான் நாட்டில் இருக்க முடியும். மீதி ஏழு மாத வாடகைக்கு வீட்டுக்காரர் உங்களைப் பிடித்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்?

கையெழுத்திட்ட 14 நாளுக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். நான்கு ஆண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. மாதம் 800 வெள்ளி, ஓராண்டு என்றால் 38 வெள்ளி. இந்தச் சொற்பத் தொகையை மிச்சம் பிடிக்கிறவர்கள் உண்டு. நாளை வழக்கு என்று வந்தால், முத்திரை இல்லாத ஒப்பந்தம் சான்றாக நிற்காது.

வீட்டுக்காரர் உங்களை வாடகையாளராகப் பதிந்துவிட்டேன் என்று சொன்னால் சந்தோஷப்படுங்கள். பிறகு சிங்பாஸ் வழியாகக் கழகத்தின் தளத்தில் நீங்களே ஒருமுறை சரிபாருங்கள். புதிய முகவரியை நிறுவனத்திடமும் உடனே சொல்லுங்கள். எஸ் பாஸ், ஒர்க் பெர்மிட் ஊழியரின் முகவரி மாறினால் 5 நாளுக்குள் அமைச்சிடம் பதிய வேண்டிய கடமை நிறுவனத்துக்கு உண்டு.

சாவி கைக்கு வந்த அன்றே மெத்தைக் கறை, சுவர்க் கீறல், உடைந்த கைப்பிடி எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தேதியோடு அங்கேயே பதிந்து கிடக்கும்.

ஒரே கூரையின் கீழ்

சண்டைகள் பெரிய விஷயங்களில் வருவதில்லை. குளிர்பதனப் பெட்டியின் நடுத் தட்டு யாருடையது, சமையல் எரிவாயு யார் முறை, அதிகாலை ஐந்து மணிக்கு யாருடைய அலாரம் ஐந்து முறை அடிக்கிறது என்பவற்றில்தான் வரும். முதல் மாதக் கட்டணம் வந்ததுமே எப்படிப் பிரிப்பது என்று உட்கார்ந்து பேசி, வீட்டு வாட்ஸ்அப் குழுவில் எழுதிப் போட்டுவிடுங்கள். இரவுப் பணியாளர் ஒருவர் அறையில் இருந்தால் அவருடைய தூக்க நேரத்தையும் அதிலேயே எழுதுங்கள்.

கட்டடத்துக்கென்று சில விதிகள் உண்டு. துணியை நன்றாகப் பிழியாமல் கம்பில் காயப்போட்டால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார். சன்னல் வழியாக எதையும், சிகரெட் துண்டைக்கூட, வீசக் கூடாது. நடைபாதையிலும் கீழ்த்தளத்திலும் புகைக்கத் தடை. மின்சிகரெட்டை வைத்திருப்பதே குற்றம். வாளியிலோ பூந்தொட்டித் தட்டிலோ தண்ணீர் தேங்கி அதில் கொசுப் புழு இருந்தால் சுற்றுப்புற வாரியம் அபராதம் போடும். பொது இடத்தில் இரவு 10.30 முதல் காலை 7 வரை மது அருந்தக் கூடாது. லிட்டில் இந்தியா வட்டாரத்தில் வார இறுதியில் கட்டுப்பாடு இன்னும் கடுமை.

வேலையில்

வேலையில் சேர்ந்த 14 நாளுக்குள் முக்கிய வேலை நிபந்தனைகளை நிறுவனம் எழுத்தில் தர வேண்டும். சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் சம்பளமும், மிகை நேர ஊதியம் 14 நாளுக்குள்ளும் வர வேண்டும். விவரமான சம்பளச் சீட்டு ஒவ்வொரு முறையும் கிடைக்க வேண்டும். அதைப் படமெடுத்துத் தனியே சேமித்துவையுங்கள். மாதச் சம்பளம் 2,600 வெள்ளிக்கு மேற்படாதவர்களுக்கும், உடலுழைப்புப் பணியில் 4,500 வெள்ளிக்கு மேற்படாதவர்களுக்கும் வேலை நேர வரம்பும் ஒன்றரை மடங்கு மிகை நேர ஊதியமும் சட்டப்படியே உண்டு. அவர்கள் தாங்கள் வேலை பார்த்த மணிக்கணக்கைத் தாங்களும் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

மூன்று மாதம் முடித்தால் ஆண்டு விடுப்புக்கும் மருத்துவ விடுப்புக்கும் தகுதி வந்துவிடும். முதலாண்டு விடுப்பு சட்டப்படி குறைந்தது 7 நாள். உடம்பு சரியில்லை என்றால் மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கி, 48 மணி நேரத்துக்குள் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நிறுவனப் பட்டியலில் உள்ள கிளினிக்குக்குப் போனால் மருத்துவர் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம். எஸ் பாஸ், ஒர்க் பெர்மிட் ஊழியர்களுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு மருத்துவக் காப்புறுதி எடுப்பது முதலாளியின் கடமை. எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருப்பவர்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லாததால், நிறுவனம் என்ன தருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மாலையில் உணவு விநியோகம், வார இறுதியில் நண்பர் கடையில் கல்லா என்று இறங்கிவிடாதீர்கள். அனுமதி அட்டையில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதோ அங்கே மட்டும்தான் வேலை பார்க்கலாம். சம்பளம் வராமல் இழுத்தடித்தால் வேலைத் தகராறுகளில் சமரசம் செய்யும் டிஏடிஎம் எனப்படும் முத்தரப்பு அமைப்பில் முறையிடலாம். வேலையில் இருக்கும்போது, சம்பளம் வர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள். வேலையை விட்டிருந்தால் கடைசி நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள். "அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்" என்ற பேச்சை இரண்டாம் முறை கேட்கும்போதே இந்தக் கெடுவை நினைவில் கொள்ளுங்கள்.

வரியும் புறப்பாடும்

இங்கே மாதாமாதம் சம்பளத்தில் வருமான வரி பிடிக்க மாட்டார்கள். வெளிநாட்டு ஊழியருக்கு மத்திய சேமநிதிப் பிடித்தமும் இல்லை. அதனால் முதலாண்டு கையில் முழுச் சம்பளம் வரும், மறு ஆண்டு மொத்தமாக வரிச்சீட்டு வரும். ஏப்ரல் 18க்குள் இணையத்தில் கணக்குக் காட்ட வேண்டும். வங்கி வழியாக வட்டியில்லாமல் 12 தவணையில் கட்டவும் வழி இருக்கிறது. ஓராண்டில் 183 நாளுக்குக் குறைவாக இருந்தவர் வரிக்கணக்கில் குடியிருப்பாளர் ஆகமாட்டார். அவருக்குப் பொதுவாகச் சம்பளத்தில் 15 விழுக்காடு அல்லது குடியிருப்பாளர் விகிதம், இரண்டில் எது அதிகமோ அது. ஆண்டின் பிற்பகுதியில் வந்து சேர்கிறவர்கள் இதை எதிர்பார்த்துக் கொஞ்சம் ஒதுக்கி வைப்பது நல்லது.

வேலையை விட்டு ஊர் திரும்பும்போதும் வரி முன்னால் வந்து நிற்கும். நீங்கள் விலகுவது தெரிந்ததும் நிறுவனம் வரித்துறைக்கு அறிவித்து, உங்களுக்குத் தர வேண்டிய பணத்தை வரி தீரும்வரை நிறுத்திவைக்கச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. கடைசி மாதச் சம்பளம் அன்றைக்கு வராது. கடைசி மாத வாடகையையும் விமான டிக்கெட்டையும் அந்தச் சம்பளத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

அறைக்கு முறையாக முன்னறிவிப்புக் கொடுத்து, முதல் நாள் எடுத்த படங்களை வைத்துக்கொண்டு வீட்டுக்காரரோடு சேர்ந்து அறையைச் சுற்றிப் பாருங்கள். முன்பணத்தைக் காரணமில்லாமல் பிடித்துக்கொண்டால், இரண்டாண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தங்களின் வழக்கை 20,000 வெள்ளி வரை சிறு கோரிக்கை நடுவர் மன்றம் விசாரிக்கும். அங்கே வழக்கறிஞர் வேண்டியதில்லை, நீங்களே பேசலாம். ஆனால் நேரில் போக வேண்டியிருக்கும் என்பதால், முன்பணக் கணக்கைத் தீர்க்கும் நாளை டிக்கெட் தேதிக்கு ஒரு வாரமாவது முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.